பழைய டீசல் வண்டி வாங்கலாமா?

கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தக்காளி, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, காய்கறி பயிரிடும் விவசாயிகளிடையே, சொந்தமாக ஒரு சிறு சரக்கு வண்டி இருந்தால் நல்லது என்ற எண்ணம் பரவலாகக் காணப்படுகிறது. அதற்குக் காரணமும் உண்டு. அறுவடை மும்முரமாக நடக்கும் நாட்களில்தான் வாடகை வண்டி கிடைப்பதில்லை. "இதோ வந்துட்டனுங்க" என்று போனில் சொன்ன ஓட்டுநர் வேறு தோட்டத்து லோடுக்குப் போயிருப்பார். நன்கு பழுத்த தக்காளி ஓர் இரவு வரப்போரம் கிடந்தால் மறுநாள் முதல் தரத்தில் நிற்காது. கிணத்துக்கடவு சந்தையிலோ கோவை எம்.ஜி.ஆர். மார்க்கெட்டிலோ வியாபாரம் ஓய்ந்த பிறகு போய் இறங்கும் சரக்குக்கு வியாபாரி கேட்டதே விலை.

புது வண்டி வாங்கப் பணம் போதாதவர்கள் பழைய வண்டியை நாடுகின்றனர். 2005-இல் டாடா ஏஸ் வந்தது. ஊருக்கு ஊர் அதற்குக் 'குட்டி யானை' என்றே பெயர். 2011-இல் ஒசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பொலிரோ பிக்கப் வண்டிகளும் பெருகின. இவற்றில் கைமாறும் வண்டிகள் இன்று ஏராளம். காங்கயம் அருகே கண்ணபுரத்தில் சித்திரை மாதம் கூடும் மாட்டுச் சந்தையில், பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து எருது பிடிக்கிற அதே விவசாயி, வண்டி என்று வரும்போது புதுப் பெயிண்டைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்.

முதலில் கணக்கு

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே, ஆண்டுக்கு எத்தனை நடை லோடு போகும் என்பதை எழுதிப் பார்த்தல் வேண்டும். விலை எவ்வளவு என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

எடுத்துக்காட்டாக, கிணத்துக்கடவுப் பக்கம் நான்கு ஏக்கரில் தக்காளி போடும் ஒரு விவசாயி 4 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய பிக்கப் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு ஓட்டி 2 லட்சத்துக்கு விற்கிறார். ஆண்டுக்குத் தேய்மானம் 40,000 ரூபாய். முடங்கிய பணத்துக்குச் சராசரி 3 லட்சத்தின் மேல் 12 சத வட்டி போட்டால் 36,000. கைப்பணமாக இருந்தாலும் வட்டியைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். இன்சூரன்ஸ், எஃப்.சி., வரி ஆகியவற்றுக்கு 30,000. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் பேட்டரி, ஒயரிங், பற்றவைப்பு, பெயிண்ட் வேலைகளுக்கு 14,000. ஆக மொத்தம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். வண்டி தொழுவத்தோரம் சும்மா நின்றாலும் இந்தச் செலவு உண்டு.

இனி ஓட்டச் செலவு. போக வர 60 கிலோமீட்டர் கொண்ட ஒரு நடைக்கு, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் வீதம் 5 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் எனக் கொண்டால் 460 ரூபாய். டயர் தேய்வு, ஆயில் முதலியவற்றுக்குக் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் வீதம் 180. மொத்தம் 640. இதே நடைக்கு வாடகை வண்டி 1,800 ரூபாய் கேட்டால், சொந்த வண்டியில் மிச்சம் 1,160. நிலைச்செலவான 1,20,000 ரூபாயை இந்த மிச்சத்தால் வகுத்தால் 103 வருகிறது. அதாவது ஆண்டுக்கு ஏறக்குறைய 103 நடை, வாரத்துக்கு இரண்டு, ஓடினால்தான் முதலுக்கு மோசம் இல்லை.

தக்காளியில் காய்ப்பு தொடங்கிய பின் மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு பறிப்பு வீதம், ஒரு போகத்துக்குப் 15 முதல் 20 பறிப்பு கிடைக்கலாம். இரண்டு போகம் என்றால் 40. எரு, நாற்று, உரம், கயிறு, குச்சி கொண்டுவர இன்னொரு 20 நடை. மொத்தம் 60-ஐத் தாண்டவில்லை. மீதி 43 நடையைப் பக்கத்துத் தோட்டத்து லோடு எடுத்து ஈடுகட்ட முடியுமா என்பதே முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி. முடியும் என்றால் வாங்கலாம். 'முடியலாம்' என்றால் இன்னும் ஓர் ஆண்டு வாடகை வண்டியே போதும். அந்த ஓராண்டில் ஒவ்வொரு நடையையும் ஒரு நோட்டில் குறித்து வந்தால் ஊகத்துக்கு இடமே இராது.

இந்தக் கணக்கில் ஓட்டுநர் கூலி சேரவில்லை. வீட்டில் ஓட்டுபவர் இல்லாமல் நடைக்கு 800 ரூபாய் கூலிக்கு ஆள் வைத்தால், மிச்சம் 360 ஆகச் சுருங்கி, தேவையான நடை 333 ஆகிவிடுகிறது. வாடகைக்கே ஓட்டும் தொழில்காரருக்குத்தான் அது கட்டும். ரூபாய்கள் இடத்துக்கு இடம் மாறும்; அவரவர் ஊர் வாடகையைப் போட்டு இதே வழியில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

தென்னை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வண்டி அநேகமாகத் தேவையில்லை. பொள்ளாச்சி வட்டாரத்தில் வியாபாரியே தோப்புக்கு வந்து காயை ஏற்றிப் போகிறார். உழவர் சந்தைக்கு நாளுக்கு நூறு இருநூறு கிலோ கொண்டு செல்பவருக்கும் ஒன்றேகால் டன் வண்டி வீண். மாறாக, காரமடைப் பக்கம் போல் கறிவேப்பிலையோ, முறைவைத்து நடும் காய்கறியோ ஆண்டு முழுதும் வெட்டும் பண்ணையத்தில் 103 நடை ஒரு பொருட்டே அல்ல.

விலை ஏறிய மாதத்தில் வண்டிக்கு முன்பணம் கொடுப்பது ஆபத்தானது. 2023 ஜூலையில் நாடெங்கும் கடைகளில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. செப்டம்பரில் விலை சரிந்து விழுந்தது. பறிகூலிக்கும் கட்டாது என்று காயைச் செடியிலேயே விடும் மாதத்திலும் தவணைத் தேதி தவறாமல் வரும்.

எந்த வயது வண்டி?

மாட்டுக்குப் பல் போல வண்டிக்குப் பி.எஸ். எண். நாடு முழுதும் 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 வண்டி விற்பனை நிறுத்தப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 நடைமுறைக்கு வந்தது. ஆகவே பி.எஸ். 4 வண்டிகளில் மிக இளையதும் இன்று ஐந்து ஆண்டைக் கடந்ததாகும். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுத்தல் வேண்டும். பி.எஸ். 3 வண்டி எதுவும் இன்று ஆண்டு எஃப்.சி. கணக்கில்தான் வரும். 15 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பன்மடங்கு உயர்த்தப்பட்டது. 'மலிவாகக் கிடைக்கிறது' என்று அத்தனை பழைய வண்டியைப் பிடிப்பதில் பொருளில்லை.

பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. தொடர்ந்து வேகமாக ஓடிச் சூடேறினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து தீரும். தோட்டத்துக்கும் சந்தைக்கும் இடையே இரண்டாம் மூன்றாம் கியரில் குறுந்தொலைவே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ள ஏதுவாகிறது. மாற்றும் செலவு அதிகம். சில மாடல்களில் யூரியாக் கரைசல் ஊற்றும் தனித் தொட்டியும் இருக்கும். வயலுக்கு வாங்கிய யூரியாவைத் தண்ணீரில் கரைத்து அதில் ஊற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. அந்தக் கரைசல் தூய யூரியா 32.5 சதம் கொண்டு, உப்பு நீக்கிய நீரில் தயாரிக்கப்படுவது. உர யூரியாவில் 2015 முதல் வேப்பெண்ணெய் பூசப்படுகிறது. அந்த எண்ணெயும் பிற கலப்புகளும் கருவியை அடைத்துப் பாழாக்கும். மானிய உரத்தை வேறு காரியத்துக்குத் திருப்புவது 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றமும் ஆகும்.

குறுந்தொலைவுப் பண்ணைய வேலைக்கு, நல்ல நிலையிலுள்ள பி.எஸ். 4 வண்டியே இப்போதைக்குப் பொருத்தம் எனலாம்.

வண்டி என்ன வேலை செய்தது?

"சிங்கிள் ஓனர் வண்டிங்க, இஞ்சின்ல கையே வைக்கலீங்க" என்று தரகர் சொல்வார். மீட்டரில் 60,000 கிலோமீட்டர் காட்டும். மீட்டரைத் திருப்புவது பெரிய வித்தை அல்ல. மிதிகட்டை ரப்பர் வழவழத்து, ஸ்டீயரிங் பளபளத்து, இருக்கை பள்ளம் விழுந்திருந்தால் மீட்டரை நம்ப வேண்டியதில்லை.

கிலோமீட்டரைவிட முக்கியம் வண்டி சுமந்த பாரம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குத் துணி மூட்டை ஏற்றித் தார்ச்சாலையில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றி 60,000 ஓடியதைவிடப் பல மடங்கு மேல். அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றியதற்கு அடியில் தடயம் இருக்கும். சேசிஸில் பற்றவைத்த தழும்பு, கூடுதலாகச் சேர்த்த பட்டைகள், பின் அச்சருகே விரிசல் ஆகியவற்றைப் படுத்துப் பார்த்தல் வேண்டும். வேட்டி அழுக்காகும் என்று தயங்கக் கூடாது. பல்லடம் பக்கம் கோழி எரு சுமந்த வண்டியில் பாடித் தகடும் சேசிஸும் உள்ளிருந்தே துருவேறியிருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப்பாதையில் ஓடிய வண்டியில் கிளட்சையும் பிரேக்கையும் தனியாகக் கவனிப்பது நலம். சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களிலும், தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் வாகனங்கள் பல மூழ்கின. இருக்கைக்கு அடியிலும் ஒயர்க் கட்டுக்குள்ளும் வண்டல் படிந்திருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

காலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பார்த்தல் வேண்டும். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். கிளப்பியதும் வரும் புகை நீலமாகத் தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை விடாமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை. இன்ஜெக்டர், டர்போ, காற்று வடிகட்டி ஆகியவற்றில் கோளாறு இருக்கக்கூடும். சூடான பின்னும் வெண்புகை நின்றால் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்த்தல் அவசியம். இஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஆவி விசையுடன் பீறிட்டால் பிஸ்டன் வளையம் தேய்ந்தது என்று கொள்ளலாம்.

ரேடியேட்டர் இங்கே தனியாகச் சொல்லத்தக்கது. கோவைக்குச் சிறுவாணி நீர் கிடைத்திருக்கலாம். கிழக்கே தோட்டங்களில் பல இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்று உப்பு நீர்தான். சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளையாகப் படியும் அதே உப்பு, ரேடியேட்டரிலும் இஞ்சினுக்குள்ளும் படிகிறது. அவசரத்துக்கு ஊற்றிய போர் தண்ணீரே பழக்கமாகிப்போன வண்டிகள் நம் பகுதியில் மிகுதி. படிவம் தடித்தால் இஞ்சின் சூடேறி ஹெட் வளைந்து, பெருஞ்செலவு வைக்கும். ஆறிய இஞ்சினில் மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கலாம். பச்சை அல்லது சிவப்புக் கூலன்ட் தெளிவாக இருந்தால் சரி. துரு நிறத் தண்ணீரும் வெள்ளைப் படிவமும் இருந்தால், வேறு எது நன்றாக இருந்தாலும் விலையில் கணிசமாகக் குறைத்தே பேச வேண்டும்; ஆயில் மிதந்தால் பேசவே வேண்டியதில்லை.

பிறகு ஒரு டன் பாரம் ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்தல் நன்று. காலி வண்டி எல்லாம் நன்றாகத்தான் ஓடும். தெரிந்த பட்டறைக்காரர் ஒருவருக்கு அரைநாள் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்வது லாபமே; விற்பவர் காட்டும் மெக்கானிக் உதவமாட்டார்.

ஆர்.சி. புத்தகமும் பெயர் மாற்றமும்

வண்டி எண்ணைக் கொண்டு 'எம்பரிவாகன்' செயலியில் எஃப்.சி., இன்சூரன்ஸ், கடன் பதிவு ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். ஃபைனான்ஸ் பாக்கி தீர்ந்திருந்தாலும், 35-ஆம் படிவம் கொடுத்து ஆர்.சி.யில் அந்தப் பதிவை நீக்கியாக வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். வெளிமாநில வண்டியானால் 28-ஆம் படிவ என்.ஓ.சி., மறுபதிவு, இங்கு கட்ட வேண்டிய வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மலிவு பெரும்பாலும் காணாமல் போய்விடும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தல் வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பெயர் மாறும் வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. சில பெரிய பிக்கப் மாடல்கள் இந்த வரம்பைத் தாண்டுவதால் ஆர்.சி.யில் எடையைப் பார்ப்பது அவசியம். இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியதை, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்துள்ளது. வீட்டுப் பிள்ளைகள் ஓட்ட இது வசதி.

வெங்காயம் அறுக்கவும் களை எடுக்கவும் வரும் பெண்களைப் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு போகும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் நிற்கவில்லை. சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ சரக்குடன் வந்தால் இன்சூரன்ஸ் பொறுப்பேற்கும். சும்மா ஏற்றிச் சென்றவர்களுக்கு அது பொறுப்பாகாது என்பது உச்ச நீதிமன்றம் முன்பே தீர்த்துவைத்த விஷயம். விபத்து நேர்ந்தால் இழப்பீடு முழுதும் வண்டிக்காரரின் தோட்டத்தின் மேல்தான் விழும். ஆட்களுக்கு பஸ் காசோ ஷேர் ஆட்டோவோ கொடுத்து, அந்தச் செலவையும் முன் சொன்ன நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.