‘எங்க ஆளுக்கு ஓட்டுப் போட்டாச்சா?’ - பனியன் கம்பெனி டீ டைமில் சூடுபிடிக்கும் சின்னத்திரை விருதுக் கணிப்பு!

சனிக்கிழமை சாயங்காலம். திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையில் இருக்கும் அனுப்பர்பாளையத்தில் அன்றைக்கு இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, வாரச் சம்பளம். இன்னொன்று, ராத்திரி டி.வி-யில் யார் காப்பாற்றப்படுகிறார், யார் வெளியேறுகிறார் என்பது.

ஒருபக்கம் பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரப் பட்டறைகளின் தட்டல் சத்தம். இன்னொரு பக்கம் பனியன் கம்பெனிகளின் ஓவர்லாக் மெஷின் சத்தம். இரண்டுக்கும் நடுவே, டீ டைம் வந்ததும் ஆளாளுக்குக் கையில் எடுப்பது செல்போனைத்தான். பிக்பாஸ் சீசன் நடந்தால் ‘எங்க ஆளுக்கு ஓட்டுப் போட்டாச்சா?’ என்பது கேள்வி. சேனல் விருது விழா நெருங்கினால் ‘இந்த வருஷம் சிறந்த ஜோடி யாரு?’ என்று பேச்சு மாறும். செக்கிங் டேபிளில் பீஸைப் புரட்டிக்கொண்டே கணிப்பு சொல்லும் அக்காக்களும் உண்டு. தோற்றவர் ஒரு டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் பந்தயம்.

ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிறவர்களுக்கு சீரியலும் ரியாலிட்டி ஷோவும் வெறும் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. நாள் முழுக்க மேஸ்திரியும் சூப்பர்வைசரும் சொல்வதைச் செய்கிறவர்கள், தாங்களே முடிவு சொல்லும் இடம் அது. அதனால்தான் ‘நாம போட்ட ஓட்டு நிஜமாவே எண்ணப்படுதா?’ என்ற கேள்வி அங்கே கொஞ்சம் கோபத்தோடு வருகிறது.

தையல் மெஷின் முன்னால் ‘சிங்கப்பெண்ணே’

சன் டி.வி-யில் 2023 அக்டோபரில் தொடங்கிய ‘சிங்கப்பெண்ணே’ சீரியலின் நாயகி ஆனந்தி, கிராமத்திலிருந்து வந்து கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். கதை நடப்பது சென்னையில்தான் என்றாலும், திருப்பூர்க்காரர்களுக்கு அது சொந்தக் கதை. ஹாஸ்டல் வாழ்க்கை, ஊருக்கு அனுப்பும் பணம், கம்பெனிக்குள் நடக்கும் அரசியல் எல்லாம் அவர்களுக்குப் பழக்கமானவை. ‘இப்படியா லைன்ல தைப்பாங்க?’ என்று குறை கண்டுபிடிப்பதும் அவர்களே. ஆனந்திக்குப் பொருத்தம் கூட வேலை பார்க்கும் அன்புவா, முதலாளி வீட்டு மகேஷா என்ற விவாதத்தில் கட்சி பிரிந்தவர்களும் அவர்களே.

இப்படிக் கட்சி பிரிவதில்தான் விருதுக் கணிப்பின் சுவாரஸ்யம் தொடங்குகிறது. சன் டி.வி-யின் ‘சன் குடும்பம் விருதுகள்’ 2010-ல் தொடங்கியது. விஜய் டி.வி-யும் ஜீ தமிழும் பின்னர் தங்களுக்கென விருது விழாக்களைத் தொடங்கின. சிறந்த நாயகன், நாயகி என்பதோடு நிற்காமல் மாமியார், மருமகள், வில்லி, ஜோடி என்று குடும்பத்தையே மேடையேற்றுவது இந்த விழாக்களின் வழக்கம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு சேனலின் விழாவில் அந்த சேனலின் சீரியல்களுக்குள்தான் போட்டி. சன் டி.வி நாயகியும் விஜய் டி.வி நாயகியும் ஒரே பட்டியலில் மோதுவதில்லை.

ஜூரி கையில் இருந்தால்...

எல்லா சேனல்களையும் ஒரே தராசில் வைக்கும் விருதும் இருக்கிறது. தமிழக அரசின் சின்னத்திரை விருதுகள்தான் அது. அங்கே மக்கள் ஓட்டுக்கு வேலையில்லை, தேர்வுக்குழுதான் முடிவு செய்யும். ஆனால் அதைக் கணிப்பது அசாத்தியப் பொறுமை வேண்டிய வேலை. 2009 முதல் 2013 வரையிலான சின்னத்திரை விருதுகள் வழங்கப்பட்டது 2022 செப்டம்பர் 4-ம் தேதி, சென்னை கலைவாணர் அரங்கத்தில். அந்த சீரியல்களைப் பார்த்து அழுத பிள்ளைகள் அதற்குள் வேலைக்கே போயிருப்பார்கள்!

அமெரிக்காவின் எம்மி விருதிலும் ரசிகர்களுக்கு ஓட்டு இல்லை. அங்கிருக்கும் டெலிவிஷன் அகாடமி உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்கிறார்கள். அதனால் ஒரு விருதைக் கணிக்கும் முன்பு கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதில் ஓட்டு யாருக்கு?’ என்பதுதான். ஜூரி முடிவு செய்யும் விருதுக்கு, இன்ஸ்டாவில் எத்தனை லைக் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

50 ஓட்டுக் காலம்

தமிழில் ரசிகர் ஓட்டின் பலத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவை ‘சூப்பர் சிங்கர்’, ‘பிக்பாஸ்’ இரண்டும்தான். 2018-ல் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் ‘சூப்பர் சிங்கர்’ பட்டம் வென்றபோது, கிராமத்துப் பாட்டுக்குக் கிடைத்த வெற்றியாகவே பலர் அதைக் கொண்டாடினார்கள்.

2017 ஜூனில் கமல்ஹாசன் தொகுத்து வழங்க பிக்பாஸ் முதல் சீசன் தொடங்கியபோது, கூகுள் தேடல் வழியாக ஒருவர் ஒரு நாளைக்கு 50 ஓட்டு வரை போடலாம். 50-ஐயும் ஒருவருக்கே குத்தலாம், பிரித்தும் போடலாம். ‘ஓவியா ஆர்மி’ பிறந்தது அப்போதுதான். பிறகு வந்த சீசன்களில் வாக்களிப்பு ஆப் பக்கம் நகர, வரம்பும் குறைந்தது.

ஒருவருக்கு 50 ஓட்டு என்றால் என்ன ஆகும்? ‘பிடிச்சிருக்கு’ என்று நினைக்கும் பத்துப் பேரைவிட, ‘உயிரே அவங்கதான்’ என்று நினைக்கும் ஒருவர் பலசாலி ஆகிவிடுவார். எத்தனை பேருக்குப் பிடிக்கிறது என்பதைவிட, எவ்வளவு ஆழமாகப் பிடிக்கிறது என்பதையே அந்த ஓட்டு அளக்கும். 2007-ல் ‘இந்தியன் ஐடல்’ போட்டியில் கொல்கத்தா போலீஸில் வேலை பார்த்த பிரசாந்த் தமாங்குக்காக டார்ஜிலிங் மக்கள் பணம் திரட்டி எஸ்.எம்.எஸ் அனுப்பியதும் இந்தக் கணக்கில்தான். அவர் வென்றார். பாட்டுப்போட்டி ஒரு ஊரின் மானப்பிரச்னையாக மாறியதை நாடே பார்த்தது.

கணிப்பு ஏன் சறுக்குகிறது?

பிக்பாஸ் நடக்கும் மாதங்களில் ‘அன்அஃபீஷியல் போல்’ என்ற பெயரில் தினமும் பல பட்டியல்கள் வலம் வரும். அவை பல நேரம் சரியாகவும் இருக்கும், சில நேரம் தலைகீழாகவும் போகும். 2023 ஜனவரியில் முடிந்த ஆறாவது சீசனில் விக்ரமன் வெல்வார் என்று சமூக வலைதளங்களில் பலர் அடித்துச் சொன்னார்கள். கோப்பை அசீம் கைக்குப் போனது. விவாதம் பல நாள் ஓயவில்லை.

காரணத்தைப் பனியன் கம்பெனி பாஷையிலேயே சொல்லலாம். ஷிப்மென்ட்டுக்கு முன்பு பையர் தரப்பு க்யூ.சி வருவார். ஆயிரம் பீஸ் இருக்கும் லாட் என்றால், வழக்கமான அளவுகோலின்படி 80 பீஸை எடுத்துப் பார்ப்பார். அதில் இத்தனைக்கு மேல் பழுது இருந்தால் லாட்டே ரிஜெக்ட். ஆயிரத்தைச் சொல்ல 80 போதுமா என்றால், போதும். ஆனால் ஒரு நிபந்தனை, அந்த 80-ம் பல பெட்டிகளிலிருந்து கலந்து எடுக்கப்பட வேண்டும். மேலே இருக்கும் ஒரே பெட்டியில் எடுத்தால் செக்கிங்கே வீண்.

அன்அஃபீஷியல் போல் என்பது அந்த மேல் பெட்டி. அதில் ஓட்டுப் போடுகிறவர்கள், அந்த யூடியூப் சேனலையோ எக்ஸ் பக்கத்தையோ ஏற்கெனவே பின்தொடர்கிறவர்கள். ஆப்பில் மட்டும் சத்தமில்லாமல் ஓட்டுப் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் அம்மாக்கள் அந்தப் பெட்டியில் இல்லை. லட்சம் பேர் ஓட்டுப் போட்டிருந்தாலும் ஒரே பெட்டி ஒரே பெட்டிதான்.

இன்னொரு காரணம், ஆட்டம் நடுவில் மாறுவது. முதல் சீசனில் எல்லோருடைய கணிப்பிலும் முதலில் இருந்த ஓவியா, ஆகஸ்ட்டிலேயே வீட்டைவிட்டு வெளியேறினார். பட்டம் ஆரவ்வுக்குப் போனது. ஏழாவது சீசனில் வைல்டு கார்டாக நுழைந்த அர்ச்சனா, 2024 பொங்கலை ஒட்டி கோப்பையோடு வெளியே வந்தார். முதல் நாளே பட்டியல் போட்டவர்கள் யாரும் அவர் பெயரை எழுதியிருக்க முடியாது.

ஓட்டு சிதறினால்...

விருது விழாவில் இன்னொரு சிக்கல் உண்டு. 100 பேர் ஓட்டுப் போடுவதாக வைத்துக்கொள்வோம். முதல் சீரியலுக்கு 40, இரண்டாவதுக்கு 35, மூன்றாவதுக்கு 25. முதல் சீரியல்தான் ஜெயிக்கும். ஆனால் மூன்றாவது சீரியலின் 25 பேருக்கும் அடுத்தபடியாகப் பிடித்தது இரண்டாவது சீரியல் என்றால்? 100-ல் 60 பேர் முதல் சீரியலைவிட இரண்டாவதையே விரும்புகிறார்கள். அப்படியும் விருது அதற்கு இல்லை.

இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள் ஹியூகோ விருதுக்காரர்கள். அறிவியல் புனைவு, மாயாஜாலக் கதைகளுக்காக 1953 முதல் தரப்படும் இந்த விருதில், நாவல்களோடு டி.வி எபிசோடுகளுக்கும் பரிசு உண்டு. ‘டாக்டர் ஹூ’, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடர்களின் எபிசோடுகள் வென்றிருக்கின்றன. உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்குப் பணம் கட்டிச் சேரும் ரசிகர்கள்தான் வாக்காளர்கள். அவர்கள் ஒரு டிக் அடிப்பதில்லை, 1, 2, 3 என்று வரிசை தருகிறார்கள். கடைசியில் இருப்பது நீக்கப்பட்டு, அந்த ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்கு மாறும். நம் ஊர் நோட்டா போல ‘யாருக்கும் வேண்டாம்’ என்ற இடமும் உண்டு. நம் நோட்டாவால் முடியாததை அது செய்யும், ஜெயித்தால் அந்தப் பிரிவில் விருதே கிடையாது.

அங்கேயும் எல்லாம் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. 2023-ல் சீனாவின் செங்டு நகரில் நடந்த தேர்வில், ‘தி சாண்ட்மேன்’ தொடரின் ஓர் எபிசோடு உட்பட சில படைப்புகள் காரணம் சொல்லாமலேயே ஓரங்கட்டப்பட்டது பின்னர் தெரியவர, பெரும் சர்ச்சை ஆனது. மறுவருடம் கிளாஸ்கோவில் வேறு மாதிரி நடந்தது. பதிவான 3,813 ஓட்டுகளில் 377 போலி என்று கண்டுபிடித்து நீக்கினார்கள். ஒருவருக்குச் சாதகமாக, பொய்ப் பெயர்களில் போடப்பட்டவை அவை. அதை விழாவுக்கு முன்பே எண்ணிக்கையோடு வெளியில் சொன்னார்கள் என்பதுதான் முக்கியம். மொத்தம் எத்தனை ஓட்டு, யாருக்கு எத்தனை, எத்தனை தள்ளுபடி என்று ரசிகர்கள் கேட்பதில் தப்பே இல்லை. நேரம் செலவழித்து ஓட்டுப் போடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.

ஓட்டுப் போடும் முன்...

* சேனலின் அதிகாரபூர்வ ஆப், இணையதளம் அல்லது டி.வி-யில் காட்டும் எண்ணில் மட்டும் ஓட்டுப் போடுங்கள்.

* ‘என் அக்கா பொண்ணு டான்ஸ் போட்டியில இருக்கா, இந்த லிங்க்ல ஓட்டுப் போடுங்க’ என்று தெரிந்தவர் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப் வந்தாலும், போனில் கேட்டு உறுதி செய்யுங்கள். இப்படி லிங்க் அனுப்பி வாட்ஸ்அப் கணக்கையே பறிக்கும் மோசடி நடக்கிறது.

* ஓட்டுப் போட வங்கி விவரம் தேவையில்லை. வாட்ஸ்அப்புக்கு வரும் சரிபார்ப்பு எண்ணை, ஓட்டுக்காக என்று சொல்லி யார் கேட்டாலும் தராதீர்கள்.

* எஸ்.எம்.எஸ் ஓட்டு என்றால் ஒன்றுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று முதலில் பாருங்கள். சம்பள நாள் உற்சாகத்தில் ரீசார்ஜ் காலியாகிவிடக் கூடாது.

* பணம் பறிபோனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவு நல்லது.

* கணிப்புப் பந்தயம் டீயோடு நிற்கட்டும். பணம் கட்டிச் சூதாடினால் அது சட்டப்படி குற்றம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முடிவு வரும். ஜெயித்தவர் கட்சி திங்கட்கிழமை காலையில் கொஞ்சம் சத்தமாகப் பேசும். தோற்ற கட்சி ‘எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணினது’ என்று முணுமுணுக்கும். டீயும் வடையும் கைமாறும், பெல் அடித்ததும் எல்லோரும் மெஷினுக்குத் திரும்புவார்கள்.

அனுப்பர்பாளையத்தில் அண்டா வாங்க வருகிறவர்கள், கடைக்காரர் சொல்லும் எடையை மட்டும் நம்பி வாங்குவதில்லை. ஒரு தட்டுத் தட்டி, சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள். விருதுக் கோப்பையையும் அப்படித் தட்டிப் பார்க்கலாம். ‘யார் ஓட்டு, எத்தனை ஓட்டு, யார் எண்ணியது?’ மூன்று கேள்விக்கும் பதில் இருந்தால், கோப்பை கனமானதுதான்!