சதுப்பின் சாட்சிகளை நம்பலாமா?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பியச் சதுப்பு ஒன்று ஈரமாயிருந்ததா, காய்ந்திருந்ததா? அளந்து எழுதியவர் யாருமில்லை. ஆனால் ஓடுள்ள அமீபாக்கள் அங்கே வாழ்ந்தன. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அமீபா மடிந்தபின், பாதி மட்கிய பாசி அடுக்கான பீட்டில் ஓடு தங்கிவிடும்.

ஆர்ச்செரெல்லாவுக்கு நீர் தேங்கிய இடம் பிடிக்கும். ட்ரைகோனோபிக்சிஸுக்குக் காய்ந்த இடம். இன்று எந்த நீர்மட்டத்தில் எந்த இனம் மிகுதி என்று கணக்கெடுத்து, பழைய அடுக்கின் ஓடுகளுக்கு அதைப் பொருத்தினால் அக்கால நீர்மட்டம் சென்டிமீட்டரிலேயே வந்துவிடும்.

அந்த எண்ணை உடனே நம்பிவிடாதீர்கள்! யூக்லிஃபாவின் ஓடு சிலிக்காச் செதில்களை ஒட்டிக் கட்டியது. ஆழத்தில் பெரும்பாலும் சிதைந்து மறைந்துவிடும். ஒரு சாட்சியே காணாமற்போனால் வழக்கு என்னாகும்? ஆகவே இன்றைய மாதிரிகளிலிருந்தும் யூக்லிஃபாவை நீக்கிக் கணக்கிட்டு, விடை மாறுகிறதா என்று பார்ப்பார்கள்.

இன்னொரு கண்ணி உண்டு. பக்கத்துப் பக்கத்தில் எடுத்த மாதிரிகளை வைத்தே கணக்கைச் சோதித்தால் பிழை குறைவாகத் தோன்றும். விடையைப் பார்த்துவிட்டுத் தேர்வெழுதுவது போலத்தான்! ஒரு சதுப்பை முழுவதுமாக ஒதுக்கிவைத்துச் சோதிப்பதே நேர்மையான பரீட்சை.

எஸ்டோனியாவின் மன்னிக்யார்வே சதுப்பில் 1950-களிலிருந்து நீர்மட்டத்தை அளந்துவருகிறார்கள். அங்கே மேலடுக்கு ஓடுகள் சொல்வதை அளவுப் பதிவேட்டோடு நேருக்குநேர் ஒப்பிட முடிகிறது.