ஸ்டோரில் கிடந்த சைக்கிள்

வானொலியில் காலை ஆறு மணிக்கு ‘வணக்கம்’ சொல்ல வேண்டுமென்றால், மேருவிலிருந்து நாலரை மணிக்கே கார் ஏற வேண்டும். கார் இருக்கை, பிறகு ஒலிபரப்பு அறை நாற்காலி, திரும்பி வரும்போது கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் மறுபடி கார் இருக்கை. உடம்பில் வாய் மட்டும்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

போன வருடம் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.0. “இன்னும் நீரிழிவு இல்லை, வாசல்படியில் நிற்கிறீர்கள்” என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து அப்பாவின் காலைப் பார்த்தேன். சீனி வியாதியால் இரண்டு விரல்களை இழந்த கால் அது.

தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சைக்கிளின் பின்னால் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் மிதித்தவர். அப்பாவும் இளமையில் அதே சைக்கிளில்தான் போனார். பிறகு லாரி ஓட்டினார். “சைக்கிளை விட்டேன், சீனி வந்துச்சு” என்பார். மருத்துவம் அப்படி ஒரே காரணம் சொல்லாது. பரம்பரை உண்டு, சாப்பாடு உண்டு, இனிப்பு தூக்கலான தே தாரிக்கும் உண்டு. ஆனாலும் 2019 தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களிடையே ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு. அப்பா சொல்வதை எப்படித் தள்ளிவிடுவது?

ஸ்டோரில் கிடந்த அந்தச் சைக்கிளை வெளியே எடுத்தேன். கடைக்காரச் சீனர் பார்த்துச் சிரித்தார். டயர், டியூப், சங்கிலி, பிரேக் கட்டை எல்லாம் புதிது. இரும்புச் சட்டம் மட்டும் தாத்தாவுடையது.

முதல் வாரம் ஜாலான் மேருவில் இறங்கியது என் முட்டாள்தனம். பெரிய லாரி ஒன்று உரசுவதுபோல் போனதில், காற்றின் வேகத்துக்கே புல்லில் விழுந்தேன். முழங்கைத் தோல் உரிந்தது. அம்மா சைக்கிளைப் பூட்டிச் சாவியை ஒளித்துவைத்தார். நம் மக்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று மைக்கில் பேசுவது சுலபம். பாதுகாப்பான ஓரம் இல்லாத சாலையில் யாரைச் சைக்கிள் ஓட்டச் சொல்வது?

அதனால் இப்போது தாமானுக்குள்ளேயே சுற்றுகிறேன்; வாரத்தில் ஐந்து நாள், மாலையில் முப்பது நிமிடம். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் 150 நிமிடம் அதிலேயே முடிந்துவிடும். மிதிக்கும்போது தொடைத் தசைகள் இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. உடம்பின் பாரத்தை இருக்கை தாங்குவதால் ஓடுவதைவிட முழங்காலுக்கும் நல்லது. மிதிகட்டை கீழே போகும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும்படி இருக்கையை உயர்த்திக்கொள்ளுங்கள். தலைக்கவசம், பின்விளக்கு கட்டாயம். இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள். கால் மரத்துப்போனவருக்குக் காயம் பட்டது தெரியாது. அப்பாவுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காள் பிள்ளைகளோடு ஷா ஆலாம் தேசியத் தாவரவியல் பூங்கா. மேருவிலிருந்து அதிக தூரமில்லை, சைக்கிள் வாடகைக்கே கிடைக்கும். மர நிழலில் ஏற்றம் ஏறி, இறக்கத்தில் கால் தூக்கிக்கொண்டு கத்தும்போது எனக்கும் பத்து வயதுதான். கோலாலம்பூர்வாசிகளுக்கு, 2014-இல் தொடங்கிய வாகனமில்லா ஞாயிறு காலை இருக்கிறது. நகர நடுவில் கார் இல்லாத சாலையில் மிதிக்கும் சுகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள், நேயர்களே. மன்னிக்கவும், வாசகர்களே. பழக்கதோஷம்.

ஆறு மாதத்தில் 5.8 வந்தது. “போதாது, விடாதீங்க” என்றார் டாக்டர்.

நேற்று மாலை கிளம்பும்போது அப்பா வாசலுக்கு வந்தார். குனிந்து கட்டை விரலால் டயரை அழுத்திப் பார்த்தார்.

“பின்னால காத்து கம்மியா இருக்குடா. பம்பை எடுத்துட்டு வா.”