டிஸ்க் டிரைவர்களில் பிழை காணும் முறை

கணிப்பொறியின் இயக்க முறைமைக்கும் தகவல்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க்குக்கும் இடையே நின்று, முன்னதன் கட்டளைகளைப் பின்னதற்கு விளங்கும் வடிவில் கொண்டு சேர்க்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். மற்ற நிரல்களில் நேரும் பிழை பெரும்பாலும் வேலையை நிறுத்துவதோடு போகும். இங்கு நேரும் பிழையோ, எழுதி வைத்த கணக்கையும் கடிதத்தையும் ஓசையின்றிச் சிதைத்துவிடக்கூடும். ஆகையால் இப்பகுதியில் செய்யப்படும் மாற்றங்களைச் சோதிப்பதற்கு, ஆள் துணையின்றித் தாமாகவே நடைபெறும் சோதனைகள் பல ஏற்பட்டுள்ளன. லினக்ஸ் இயக்க முறைமையில் இதற்குப் பெரிதும் பயன்படுவது எக்ஸ்எப்எஸ்டெஸ்ட்ஸ் என்னும் தொகுப்பு. சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தார் தங்கள் எக்ஸ்எப்எஸ் கோப்பு முறைக்காக அமைத்த இதனை, இன்று பிற கோப்பு முறைகளுக்கும் கையாளுகின்றனர்.

சோதனைகளில் தேறியது குற்றமற்றது என்று கொள்வதற்கில்லை என்பதை 2018ஆம் ஆண்டில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி காட்டிற்று. அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள் லினக்ஸ் கெர்னலின் 4.19ஆம் பதிப்பு வெளிவந்தது. சில வாரங்களில், கோப்புகள் சிதைவதாகப் பயன்படுத்துவோரிடமிருந்து முறையீடுகள் வரலாயின. பிழைச் செய்தியை அறிவித்தது ஈஎக்ஸ்டி4 என்னும் கோப்பு முறை. எனவே ஐயமும் முதலில் அதன்மீதே விழுந்தது. (முறையிட வந்தவனையே குற்றவாளியாகக் கருதும் வழக்கம் இத்துறையிலும் உண்டு போலும்.) ஆனால் அதன் பொறுப்பாளரான தியோடர் சோ நடத்திய சோதனைகளில் பிழை வெளிப்படவேயில்லை.

இத்தகைய நிலையில் கைக்கொள்ளப்படுவது பாதியாக்கும் முறை. பழுதற்ற பதிப்புக்கும் பழுதுற்ற பதிப்புக்கும் இடையே பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. நடுவிலுள்ள மாற்றம் வரை சேர்த்துச் சோதித்தால், பிழை எப்பாதியில் உள்ளது என்பது தெரியும். அப்பாதியை மீண்டும் இரண்டாக்க வேண்டும். 2இன் 14ஆம் அடுக்கு 16,384 ஆதலால், 14 படிகளில் குற்றமுள்ள ஒரே மாற்றத்தை எட்டிவிடலாம்.

கணக்கு எளிது, செயல் எளிதன்று. பிழை ஒவ்வொரு தடவையும் தோன்றுமாயின் தொல்லையில்லை. நான்கு ஓட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோன்றும் பிழையை எடுத்துக்கொள்வோம். ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பழுதில்லை என்று தீர்ப்புக் கூறினால், அத்தீர்ப்பு தவறாவதற்கு நூற்றுக்கு 75 பங்கு வாய்ப்பு உண்டு. எட்டு ஓட்டங்கள் தொடர்ந்து தேறினும் அவ்வாய்ப்பு 10 பங்கு. அதனை ஒரு பங்காகக் குறைக்க 16 ஓட்டங்கள் வேண்டும். பதினான்கு படிகளில் யாதேனும் ஒன்றில் தீர்ப்புப் பிறழ்ந்தாலும், தேடல் முழுவதும் பிழையில்லாத பாதிக்குள் சென்று, யாதொரு தொடர்புமற்ற மாற்றத்தின்மீது பழி சுமத்திவிடும். பழுதுற்றது என்னும் தீர்ப்புக்கு ஒரு சான்று போதும். பழுதற்றது என்பதற்கோ பொறுமை தேவை.

பொறுமையுடன் இவ்வாறு தேடியபோது அகப்பட்டது ஈஎக்ஸ்டி4 அன்று. அதற்குக் கீழுள்ள பிளாக் அடுக்கில் வேகத்துக்காகப் புகுத்தப்பட்ட ஒரு மாற்றம். டிஸ்க் ஓய்வாயிருப்பின் கோரிக்கையை வரிசையில் நிறுத்தாமல் நேரே அனுப்பலாம் என்பது அதன் கருத்து. அனுப்பியபின் டிஸ்க் ஏற்க மறுத்தால் கோரிக்கை வரிசைக்குத் திரும்பும். சங்கடம் அங்கேதான் விளைந்தது.

ரயில்வே பார்சல் அலுவலகத்தில் நடப்பதாக இதனைக் கற்பனை செய்யலாம். மூன்று மூட்டைகளுக்குச் சீட்டு எழுதியாயிற்று; வண்டியில் இடமில்லாததால் அவை கிடங்குக்குத் திரும்புகின்றன. அங்கே அதே ஊருக்குச் செல்லும் நான்காவது மூட்டையையும் அவற்றுடன் சேர்த்துக் கட்டுகிறார்கள். சீட்டு மட்டும் பழையது. அடுத்த வண்டியில் மூன்று மூட்டைகளே ஏறுகின்றன. பேரேட்டிலோ நான்கும் சென்றதாகப் பதிவாகிறது. அவ்வாறே, ஸ்கஸி அடுக்கு முன்னரே ஆயத்தம் செய்த நினைவகப் பட்டியல் மாறாதிருக்க, கோரிக்கை மட்டும் பக்கத்துக் கோரிக்கையோடு இணைந்து வளர்ந்தது. வளர்ந்த பகுதி எழுதப்படவுமில்லை, படிக்கப்படவுமில்லை. ஆயினும் வேலை முடிந்ததாகவே கோப்பு முறைக்குத் தெரிவிக்கப்பட்டது.

வரிசை ஒழுங்கு செய்யும் நிரல் இல்லாதிருத்தல், டிஸ்க் மறுத்தல், காத்திருக்கும்போது அடுத்த கோரிக்கை வந்து இணைதல் ஆகிய மூன்றும் ஒருங்கே நேர்ந்தாலன்றி இப்பிழை தோன்றாது. சோதனைகளுக்கு அது தப்பியதில் வியப்பில்லை. பிளாக் அடுக்கின் பொறுப்பாளர் ஜென்ஸ் ஆக்ஸ்போ, ஒருமுறை மறுக்கப்பட்ட கோரிக்கை வேறெதனோடும் இணைய இயலாத தனிப் பட்டியலுக்குச் செல்லுமாறு திருத்தினார். அத்திருத்தம் 2018 டிசம்பர் 8ஆம் நாள் 4.19.8ஆம் பதிப்பில் வெளிவந்தது.

அரிய தருணங்கள் தாமே வாய்க்கும்வரை காத்திராமல் அவற்றைச் செயற்கையாக உண்டாக்குவதற்கும் கருவிகள் உள்ளன. லினக்ஸிலுள்ள டிஎம்-பிளேக்கி என்பது அவற்றுள் ஒன்று. குறித்த சில விநாடிகள் ஒழுங்காக இயங்கி, அடுத்த சில விநாடிகள் வேண்டுமென்றே தவறும் டிஸ்க்கைப் போல் அது நடிக்கும். கோப்பு முறை அத்தவற்றைக் கண்டுகொள்கிறதா என்பதைச் சோதனை பதிவு செய்யும்.