மரத்துப்போகும் விரல்களுக்கு யாரிடம் போவது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் பார்வையற்றவர்கள் வேலை செய்யும் மசாஜ் நிலையங்கள் வரிசையாக உண்டு. 1951-ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகமும் அந்த வட்டாரத்தில்தான். அங்கே பலருக்குக் கட்டைவிரலின் அழுத்தம்தான் பிழைப்பு. பிரெயில் எழுத்தைப் படிக்கவோ ஆள்காட்டி விரலின் நுனி வேண்டும். இந்த இரண்டு விரல்களின் உள்பக்கத்துக்கும் உணர்ச்சி தருவது மீடியன் நரம்பு. அது மணிக்கட்டில் நசுங்குவதுதான் கார்பல் டன்னல் நோய்.

மணிக்கட்டின் அடியில் சிறு எலும்புகள் வளைந்து நிற்கின்றன. அவற்றின் மேல் குறுக்கே ஒரு தடித்த நார்ப்பட்டை. இடையே உள்ள குறுகலான வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் இந்த ஒரு நரம்பும் போகின்றன. உள்ளே வீக்கம் வந்தால் எலும்பும் இடம் கொடுக்காது, பட்டையும் இளகாது. அழுத்தம் முழுவதும் நரம்பின் மேல் விழுகிறது.

பெரும்பாலோருக்குத் தொந்தரவு இரவில்தான் தொடங்குகிறது. தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடக்க, நடுச்சாமத்தில் கை மரத்து விழிப்பு வரும். எழுந்து கையை உதறினால் கொஞ்சம் தெளியும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு என்பதால் அது தப்பிவிடும். சுண்டுவிரலும் சேர்ந்து மரத்தால் வேறு காரணத்தையும் தேட வேண்டும்.

கணினியின் மேல் பழி போடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் தட்டச்சைவிட, பலம் கொடுத்துப் பிடிக்கும் வேலைக்கும் அதிரும் கருவிகளுக்கும்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நாள் முழுக்க மாலை கட்டுபவர், கத்தரி பிடிக்கும் தையல்காரர், ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு வேலைக்குப் போய்வருபவர் ஆகியோர் இதைக் கவனிக்க வேண்டும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். கர்ப்ப காலத்தில் உடலில் நீர் கோப்பதாலும், தைராய்டு சுரப்பு குறைவதாலும் வரும்.

எல்லாவற்றையும்விட நம்மவர்கள் மறந்துவிடுவது இனிப்புநீரை. 2023 தேசிய நலக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். நீரிழிவு உள்ளவர்களின் நரம்பு அழுத்தத்தைத் தாங்காது. “ரத்த ஓட்டம் சரியில்லை, உருவிவிட்டால் போய்விடும்” என்று தைலத்தோடு மாதக்கணக்கில் காலம் கடத்தும் வீடுகளில், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்ற கேள்வியே எழுவதில்லை.

இப்போது தைலத்தின் இடத்துக்கு, முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டிக் வந்திருக்கிறது. 1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் தொடங்கிவைத்த முறை இது. மலேசியாவில் 2016-ன் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்ற ஏழு துறைகளில் ஒன்று. புக்கிட் ஜாலிலில் உள்ள, முன்பு அனைத்துலக மருத்துவப் பல்கலைக்கழகம் என்றிருந்த ஐ.எம்.யு. பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பே இருக்கிறது. ஆகவே இதைப் போலி வைத்தியம் என்று ஒதுக்குவது நியாயமல்ல. ஆனால் இந்த நோய்க்கு அது எவ்வளவு உதவும்?

1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 91 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குக் கைரோபிராக்டிக், மற்றதற்கு இபுபுரோஃபென் மாத்திரை. ஒன்பது வாரத்தில் இரு பிரிவுமே ஏறக்குறைய ஒரே அளவு தேறின. கவனிக்க வேண்டியது, இரு பிரிவினரும் இரவில் மணிக்கட்டுக்கு ஸ்பிளிண்ட் அணிந்திருந்தார்கள் என்பது. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் அந்த எளிய பட்டைக்கு எவ்வளவு பங்கு என்பதை ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. 2015-ல் ஸ்பெயினில் 120 பெண்களிடம் நடந்த ஆய்வில், பிசியோதெரபிஸ்ட்டுகள் கையால் செய்த சிகிச்சையும் அறுவை சிகிச்சையும் ஓராண்டு முடிவில் ஒத்த பலனே தந்தன. ஆக, கையால் செய்யும் சிகிச்சைக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது.

பிரச்சினை மணிக்கட்டில் இருக்கும்போது கழுத்தைச் சொடுக்குவதுதான் கவலைக்குரியது. கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் இதே விரல்கள் மரக்கும். அப்படியானால் கழுத்தைப் பார்ப்பது சரி. அதைச் சோதித்து உறுதிசெய்யாமல் வேகமாகத் திருப்புவது ஆபத்து. அரிதாக, கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

கட்டைவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கினாலோ, சட்டைப் பொத்தான் போட முடியாமல் பொருள்கள் கைநழுவினாலோ மேலும் பத்து அமர்வுக்குப் பணம் கட்டக் கூடாது. நரம்புக் கடத்தல் சோதனையும், தேவைப்பட்டால் அந்த நார்ப்பட்டையை வெட்டிவிடும் சிறு அறுவையும் வேண்டும். 2002-ல் வந்த நெதர்லாந்து ஆய்வில் ஒன்றரை ஆண்டு முடிவில் அறுவை செய்துகொண்டவர்களில் 90 விழுக்காட்டினரும், ஸ்பிளிண்ட் அணிந்தவர்களில் 75 விழுக்காட்டினரும் தேறினர். தாமதித்து வற்றிய சதை முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

முதல் படிக்கு அதிகச் செலவில்லை. அரசு கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். சர்க்கரை அளவை அங்கேயே பார்த்துவிடலாம். மருத்துவரிடம் செய்யும் வேலையையும் அது எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லி, அட்டையில் பதியச் சொல்ல வேண்டும். வேலையால் வரும் நோய்க்கு, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவில் 1969 சட்டப்படி இழப்பீடு கேட்க வழியுண்டு. சுயதொழில் செய்பவர்களுக்கு 2017-ன் தனிச் சட்டம் இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே பதிந்து சந்தா கட்டியிருக்க வேண்டும்.