உப்பளத்துக் கசப்பும் சத்திரசிகிச்சை மேசையும்

கற்பிட்டி வீதி பிரியும் பாலாவியிலே உப்பளப் பாத்திகளைக் காணாத புத்தளத்தார் இலர். கடல்நீர் வெயிலில் வற்றி உப்புப் படிந்தபின், எஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். அது தங்கினால் உப்புக் கசக்கும், ஈரமும் கசியும். அக்கசப்புக்குக் காரணம் மகனீசியம். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 1.3 கிராம் உண்டு. நம் பாட்டிமார் அறிந்த பேதியுப்பும் இவ்வுலோகத்தின் உப்பே. அதனையே தூய்மையாக்கிச் சத்திரசிகிச்சையின்போது நாளத்தில் ஏற்றுகின்றார்கள் என்றால் வியப்பன்றோ!

1905 ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கில் மெல்ற்சர், ஓவர் என்னும் இருவர் விலங்குகளுக்கு இதனை ஊசிமூலம் ஏற்றினர். அவை அசைவற்றுக் கிடந்தன. மயக்கமருந்து கிடைத்துவிட்டதென்றே எண்ணினர். 1916 இல் மனிதருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆனால் 1966 இல் வெளியான ஓர் ஆய்வு அவ்வெண்ணத்தைத் தகர்த்தது. மகனீசியம் ஏற்றப்பட்டோர் அசைய இயலாது கிடந்தனரேயன்றி, நினைவிழக்கவில்லை, நோவையும் உணர்ந்தனர். அசையாத உடலுக்குள் விழித்திருக்கும் மனம்! இதைவிடக் கொடுமை வேறென்ன?

ஆயினும் மருந்து பயனற்றதென்று ஒதுக்கப்படவில்லை. நோவுச் செய்தியைக் கடத்தும் நரம்பணுக்களில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவற்றுட் சிலவற்றை மகனீசியம் தாழ்ப்பாள்போல் அடைத்து நிற்பதை 1984 இல் கண்டறிந்தனர். நோவு ஓயாது தட்டினால் தாழ் நெகிழும், நோவும் பெருகும். 1996 இல் வெளிவந்த ஆய்வொன்றில், கருப்பை அகற்றப்பட்ட பெண்களுக்கு மகனீசியம் ஏற்றியபோது பின்னர் வேண்டியிருந்த மோர்பின் குறைந்தது. பிற்கால ஆய்வுகள் பலவும் இதனோடு ஒத்தன, சில ஒவ்வவில்லை. உறக்கமூட்டும் மருந்தின் அளவும் ஓரளவு குறையக்கூடும்.

ஆகவே இது துணைமருந்து, தனியே மயக்கமருந்தாகாது. தசைகளைத் தளர்த்தும் மருந்தின் வலுவையும் இது கூட்டுவதால், நோயாளி அசையவில்லை என்பதை மட்டும் கொண்டு மயக்கத்தின் ஆழத்தைக் கணிக்க முடியாது. நெற்றியில் ஒட்டிய மின்வாய்களால் மூளையலைகளை நோக்குவதும், மணிக்கட்டு நரம்பைத் தூண்டித் தசைத் துடிப்பை அளப்பதும் இதனாலேயே பெரிதும் உதவுகின்றன. மகனீசியம் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. சிறுநீரக நோயுள்ளோர் அதனை மயக்கமருந்து வைத்தியரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். அளவு மிகுந்தால் மூச்சே தடைப்படலாம். அப்போது செயற்கைச் சுவாசம் அளித்து, கல்சியத்தையும் நாளத்தில் ஏற்றுவர்.