நூல் வழியே நிழற்படம் திருத்தப் பயிலுதல்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்பு நாடி வந்த தலைமுறையினரின் முகங்கள் இன்று பெரும்பாலும் சுவரில் தொங்கும் நிழற்படங்களில்தான் எஞ்சியிருக்கின்றன. வெளி மாநிலங்களில் வாழும் நேயர் பலர் இல்லத்திலும் இத்தகைய படம் ஒன்று இருக்கக்கூடும். எங்கள் வீட்டில் இருப்பது பாட்டனாரும் பாட்டியாரும் சேர்ந்து நிற்கும் படம். மழைநீர் கசிந்து அதன் ஒரு மூலை பூத்துப்போயிற்று. வேறு பிரதி கிடையாது. அதைச் சீர்செய்யும் பொருட்டே, நாற்பது வயதைக் கடந்தபின் கணிப்பொறியில் படம் திருத்தக் கற்கத் தொடங்கினேன்.

ஆசிரியர் எவருமில்லை, நூல்தான் துணை. கேரி பங்க்ஸ் எழுதி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'குரோக்கிங் தி கிம்ப்' என்னும் ஆங்கில நூல் இணையத்தில் இலவசமாகவும் வெளியிடப்பட்டது. கிம்ப் என்பது 1995-இல் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் இரு மாணவர்கள் தொடங்கிய மென்பொருள். அதற்கும் விலை இல்லை.

ஆனால் நூலுக்கும் திரைக்கும் விரைவிலேயே பிணக்கு ஏற்பட்டது. பழைய நூலின்படி ஜேபெக் வடிவில் சேமிக்க முயன்றால் இன்றைய கிம்ப் இணங்காது. 2012-இல் வந்த 2.8 பதிப்பு முதல், சேமித்தல் என்பது அம்மென்பொருளின் சொந்த வடிவத்துக்கு மட்டுமே உரியது. ஜேபெக்குக்கு 'ஏற்றுமதி' என்று தனிக் கட்டளை உண்டு. காரணம் புரியும்வரை எரிச்சலாகவே இருந்தது. ஜேபெக் கோப்பு அடுக்குகளைக் காப்பதில்லை; மீண்டும் மீண்டும் எழுதும்போது நுண்விவரங்களையும் இழக்கிறது. எனவே, கட்டளை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை விடுத்து, அது எதற்காக இருக்கிறது என்பதையே நூலில் தேட வேண்டும். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்டவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை.

அடுக்குகளைப் பற்றிய அதிகாரத்தை நான் முதலில் தாண்டிச் சென்றதுதான் பெரும் பிழை. மூலப் படத்தின் மீதே புள்ளிகளை அழித்து, பழைய கோப்பின் மேலேயே எழுதிவிட்டேன். அச்சிட்டுக் காட்டியபோது, "பாட்டியின் மூக்குத்தி எங்கே?" என்றார் அம்மா. கறையென்று எண்ணி அழித்திருக்கிறேன்! காகிதப் படம் கைவசம் இருந்ததால், அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் மறுபடி ஸ்கேன் செய்ய முடிந்தது.

இம்முறை மூலத்தை அடியில் வைத்து, அதன்மேல் வெற்றடுக்கு ஒன்றை விரித்து, திருத்தங்களையெல்லாம் அதில் மட்டுமே செய்தேன். மேலடுக்கை மறைத்தால் பழைய படம் அப்படியே தெரியும். ஐயம் எழும்போதெல்லாம் ஒப்பிடலாம். மங்கலைப் போக்குவது எளிது. கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் கொண்ட அளவுகோலில், வெளிறிய படத்தின் சாயல்கள் நடுவிலே குவிந்து கிடக்கும். இரு முனைக் குமிழ்களையும் உள்நோக்கி நகர்த்தினால், அவை அளவுகோல் முழுதும் பரவி முகங்கள் துலங்குகின்றன.

பாட்டனாரின் இடக்கை மட்டும் பூத்த மூலையில் மறைந்துவிட்டது. வலக்கையைப் பிரதியெடுத்து, இடம் வலமாகத் திருப்பி ஒட்டக் கருவி உண்டு. ஆனால் ஆலை விபத்தொன்றில் இடக்கை விரல் ஒன்றை அவர் இழந்தவர். அப்படம் அதற்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்று அம்மாவுக்கும் நினைவில்லை. அந்த மூலையைத் தொடாமலே அச்சிட்டுச் சட்டமிட்டேன்.